பாட்டுக்குப் பின்னால் யார்? பாப், ராக் கலைஞர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய பாப், ராக் இசையை நெடுங்காலமாகக் கேட்டுவருகிறேன். இது தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தகவலைப் படித்ததும் அந்தப் பாட்டை மறுபடி போட்டுக் கேட்கத் தோன்றினால் அது எனக்கு முக்கியமான தகவல், அதை நீளமாகவே எழுதியிருக்கிறேன். மற்றவற்றை விரைவாகக் கடந்துவிட்டேன்.

பாப்புக்கும் ராக்குக்கும் என்ன வேறுபாடு?

கோடு போட்டுப் பிரிக்க முடியாது. கிட்டாரும் டிரம்ஸும் முன்னே நிற்க, ஒரு குழுவாக மேடையில் வாசிக்கும் வழக்கத்திலிருந்து வளர்ந்தது ராக். குரலையும் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் மெட்டையும் நடுவில் வைத்து, ஸ்டுடியோவில் செதுக்கப்படுவது பாப். ஆனால் மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' பாடலில் வரும் அனல் பறக்கும் கிட்டார் தனி வாசிப்பு, ராக் உலகின் எடி வான் ஹேலனுடையது. அதற்கு அவர் பணம்கூட வாங்கவில்லை. கலைஞர்களே வேலி போடாத இடத்தில் நாம் ஏன் போட வேண்டும்?

பாப் மட்டம், ராக் உயர்வு என்ற பேச்சில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. மூன்று நிமிடத்துக்குள் ஒரு மெட்டைக் காலத்துக்கும் நிற்கும்படி செய்வது மிகக் கடினமான கலை.

ராக் இசையைத் தொடங்கியவர் எல்விஸ் பிரெஸ்லிதானே?

இல்லை. இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பெயரைச் சொல்வதே தவறு. ஆனாலும் கட்டாயம் ஒரு பெயர் வேண்டுமென்றால் சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்றுதான் சொல்வேன். 1915இல் அர்கன்சா மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். தேவாலயப் பாடல்களை மின் கிட்டாருடன் பாடியவர். 1944இல் அவர் பதிவுசெய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே' பாடலைக் கேளுங்கள். எல்விஸின் முதல் இசைத்தட்டு வெளிவந்ததற்கு பத்து ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் துள்ளல் அங்கே இருக்கிறது.

1964இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ரயில்கள் நின்றுபோன ஒரு நிலையத்தில் தொலைக்காட்சிக்காக அவருடைய கச்சேரி நடந்தது. ஒரு நடைமேடையில் கலைஞர்கள், எதிர் நடைமேடையில் பார்வையாளர்கள். மழை வேறு. நல்ல கோட்டு அணிந்த அந்த ஐம்பதை நெருங்கும் பெண்மணி வெள்ளை நிற மின் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மழையைப் பற்றிய ஒரு பாட்டையே எடுத்துப் பாடினார். அந்தக் காட்சிப்பதிவு இன்றும் காணக் கிடைக்கிறது. ராக் அண்டு ரோல் புகழரங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல்தான். அவர் இறந்தது 1973இல். இந்தத் தாமதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

எல்விஸ் 1956இல் பெரும் வெற்றி கண்ட 'ஹவுண்ட் டாக்' பாடலையும் முதலில் பாடியவர் வேறொருவர். பிக் மாமா தோர்ன்டன் என்ற பாடகி 1952இல் பதிவுசெய்தது அது. எழுதிய இருவருக்கும் அப்போது 19 வயது. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், தோர்ன்டனின் குரலில் பாட்டின் பொருளே வேறு என்பது புரியும். அது ஓர் ஒட்டுண்ணி ஆண்மகனை வீட்டைவிட்டு விரட்டும் பெண்ணின் பாட்டு.

அப்படியென்றால் தானே பாட்டு எழுதாதவர் உண்மையான கலைஞர் இல்லையா?

அப்படி நான் சொல்லவில்லை. ஓடிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்', உழைத்துவிட்டு வீடு திரும்பும் ஓர் ஆண் மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து அதையே அரீதா ஃபிராங்க்ளின் எடுத்துப் பாடினார். கேட்பவள் பெண் என்றானதும் பாட்டு தலைகீழாகத் திரும்பிவிட்டது. அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக உச்சரிக்கும் புகழ்பெற்ற பகுதி ரெடிங்கின் பதிவில் கிடையாது, அரீதா சேர்த்தது. பின்குரல் பாடியவர்கள் அவருடைய சகோதரிகள். எழுதியவர் ரெடிங், ஆனால் உலகம் அதை அரீதாவின் பாட்டு என்றே அறிந்திருக்கிறது.

பீட்டில்ஸ் இவ்வளவு புகழுக்குத் தகுதியானவர்களா?

தகுதியானவர்களே. காரணமாக நான் சொல்வது அவர்கள் மாறிய வேகத்தை. முதல் இசைத்தட்டு 1962 அக்டோபரில் வந்தது. 'டுமாரோ நெவர் நோஸ்' பதிவானது 1966 ஏப்ரலில். இடையில் நான்கு ஆண்டுகள்கூட இல்லை. முதலாவது வாயிசைக் கருவியுடன் கூடிய எளிய காதல் பாட்டு. இரண்டாவதில் தம்புரா போலத் தொடர்ந்து ஒலிக்கும் ஒரே ஆதார சுருதியின்மேல், ஒட்டி வளையமாக்கிய ஒலிநாடாக்கள் சுழல்கின்றன. ஆர்கன் கருவிக்கான சுழலும் ஒலிபெருக்கி வழியாக ஜான் லெனனின் குரல் வருகிறது. அதைப் பதிவுசெய்த ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்குக்கு வயது 20.

1962 புத்தாண்டு அன்று அவர்களைச் சோதித்துப் பார்த்த ஓர் இசைத்தட்டு நிறுவனம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. இதை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். எனக்குப் பிடித்த தகவல் வேறு: 'யெஸ்டர்டே' பாட்டின் மெட்டு பால் மெக்கார்ட்னிக்குத் தூக்கத்தில் வந்தது. வேறு யாருடைய மெட்டையாவது நினைவிலிருந்து எடுத்துவிட்டோமோ என்று அஞ்சி, அவர் பலரிடம் பாடிக் காட்டி விசாரித்தார். சொற்கள் கிடைக்கும்வரை முட்டைப் பொரியலைப் பற்றிய பொய்வரிகளை இட்டு நிரப்பி வைத்திருந்தார். பதிவில் பீட்டில்ஸின் மற்ற மூவர் யாருமே இல்லை. மெக்கார்ட்னியும் நான்கு தந்திக் கருவிக் கலைஞர்களும் மட்டுமே.

மெக்கார்ட்னி 1966இலேயே இறந்துவிட்டார், இப்போது இருப்பவர் வேறு ஆள் என்கிறார்களே?

1969இல் பரவிய புரளி. 'ஆபி ரோடு' அட்டைப்படத்தில் அவர் வெறுங்காலுடன் நடப்பதைச் சான்றாகக் காட்டினார்கள். அது கோடைக்காலத்தில், ஆகஸ்ட் மாதம் எடுத்த படம். வேறு விளக்கம் தேவையில்லை.

ரிங்கோ ஸ்டார் சுமாரான டிரம்மர்தானே? லெனனே கேலி செய்தாராமே?

"பீட்டில்ஸுக்குள்ளேயே ரிங்கோ சிறந்த டிரம்மர் இல்லை" என்று லெனன் சொன்னதாக எங்கும் பரவியிருக்கும் வாசகம் லெனனுடையது அல்ல. லெனன் 1980 டிசம்பரில் கொல்லப்பட்டார். அந்த வாசகம் அதற்குப் பிறகு பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சிகளிலிருந்து கிளம்பியது.

ரிங்கோ இடது கைப் பழக்கம் உள்ளவர். ஆனால் வலது கைக்காரர்களுக்காக அடுக்கிய டிரம்ஸில் வாசித்தார். அதனால் ஒரு டிரம்மிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது, மற்றவர்களுக்கு இயல்பாக வராத திசையில் அவருடைய கை போகும். 'கம் டுகெதர்' தொடக்கத்தில் உருண்டு வரும் அந்த விநோதமான அடியைக் கேளுங்கள். 1966இல் வந்த 'ரெயின்' பாடலையும் கேளுங்கள். பாட்டுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் வாசித்தவர் அவர். பீட்டில்ஸ் பதிவுகள் அனைத்திலும் சேர்த்து ஒரே ஒரு தனி ஆவர்த்தனம்தான் வாசித்திருக்கிறார். அதையும் அவரை வற்புறுத்தித்தான் வாசிக்கவைத்தார்கள்.

ராக் கலைஞர்களுக்கு 27 வயது உண்மையிலேயே கண்டமா?

பிரையன் ஜோன்ஸ், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிசன் என நால்வர் 1969 ஜூலைக்கும் 1971 ஜூலைக்கும் இடைப்பட்ட இரண்டே ஆண்டுகளில், 27 வயதில் இறந்தார்கள். 1994இல் கர்ட் கோபேனும் 2011இல் ஏமி வைன்ஹவுஸும் அதே வயதில் மறைந்தபோது இந்த நம்பிக்கை இறுகிப்போனது.

2011இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1956 முதல் 2007 வரை பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பங்களின் கலைஞர்கள் 1,046 பேரை எடுத்துப் பார்த்தார்கள். 27 வயதில் இறப்பு கூடவில்லை. ஆனால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் புகழ்பெற்ற இசைக்கலைஞர்கள் இறக்கும் அபாயம் பொதுமக்களைவிடக் கூடுதலாக இருந்தது. கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். ஓர் எண்ணைச் சுற்றி மர்மக்கதை பின்னும்போது மது, போதைப்பொருள், மனச்சோர்வு, ஓய்வில்லாத பயணம் எல்லாம் மறைந்துபோகின்றன. அந்த இறப்புகளுக்கு '27 வயதுச் சங்கம்' என்று பெயர் வைத்து அழகுபடுத்துவது எனக்குப் பிடிப்பதில்லை.

ஹெவி மெட்டல் இசை ஒரு விபத்தால் பிறந்தது என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. ராக் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் நெருக்கமான கதையும் இதுதான்.

டோனி அயோமி, பர்மிங்ஹாமில் தகடு வேலை செய்யும் ஆலையில் பணிபுரிந்த 17 வயது இளைஞர். இசைதான் இனி என்று முடிவுசெய்து, வேலையை விட்டு விலகும் கடைசி நாள். அன்று அவருக்குப் பழக்கமில்லாத ஓர் அழுத்து இயந்திரத்தில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் இயந்திரம் நசுக்கிவிட்டது. அவர் இடது கைக் கிட்டார்க் கலைஞர், அதாவது தந்திகளை அழுத்திப் பிடிக்க வேண்டிய கை வலது கை. மருத்துவர்கள் இனி வாசிக்க முடியாது என்றார்கள்.

ஆலையின் மேலாளர் ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். கிட்டார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். கேட்டு முடித்ததும்தான், தீக்காயத்தால் இரண்டு விரல்கள் செயலிழந்த ஒருவர் வாசித்தது அது என்று சொன்னார். அயோமி எழுந்து உட்கார்ந்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்குக் கவசம் செய்தார். தேய்த்து வடிவாக்கி, அதன்மேல் பழைய தோல் சட்டையின் துண்டை ஒட்டினார். கனமான தந்திகள் வலித்ததால் பான்ஜோவின் மெல்லிய தந்திகளைக் கட்டிப் பார்த்தார். பிறகு சுருதியைக் கீழே இறக்கித் தந்திகளைத் தளர்த்தினார். அவருடைய பிளாக் சப்பாத் குழுவின் மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி', 1971இல் வந்தது. அதில் சில பாடல்கள் வழக்கத்தைவிட மூன்று அரைச்சுரம் கீழே இருக்கின்றன. நெஞ்சில் இடிப்பது போன்ற அந்தக் கனத்த ஒலிக்கு வலியும் ஒரு காரணம். பின்னால் வந்த எத்தனையோ குழுக்கள், எந்தக் காயமும் இல்லாத விரல்களோடு அதே சுருதியில் வாசிக்கின்றன.

டெஃப் லெப்பர்டு குழுவின் டிரம்மர் ரிக் ஆலன் 1984இன் கடைசி நாளில் கார் விபத்தில் இடது கையை இழந்தார். கையின் வேலையில் ஒரு பகுதியைக் காலுக்கு மாற்றும்படி மின்னணு டிரம்ஸை அமைத்துக்கொண்டு, 1986இல் மேடைக்குத் திரும்பினார். குழு அவருக்காகக் காத்திருந்தது.

வான் ஹேலன் குழு பழுப்பு நிற மிட்டாய்களைப் பொறுக்கி எடுக்கச் சொன்னது திமிர்தானே?

பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். 1982ஆம் ஆண்டுப் பயணத்துக்கான ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை உண்மையாகவே இருந்தது: வண்ண மிட்டாய்கள் வைக்கலாம், பழுப்பு நிறம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பாடகர் டேவிட் லீ ராத் பின்னாளில் காரணம் சொன்னார். டன் கணக்கில் விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் தொங்கும் மேடை அது. தளம் எவ்வளவு எடை தாங்க வேண்டும், மின் இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் பக்கம் பக்கமாக நீளும். கிண்ணத்தில் பழுப்பு மிட்டாய் தென்பட்டால், ஏற்பாட்டாளர் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை என்று பொருள். உடனே மேடை முழுவதையும் சோதிக்கத் தொடங்குவார்களாம். நான் இந்த விளக்கத்தை நம்புகிறேன்.

ஃபிரெடி மெர்குரி இந்தியரா?

இந்தியாவிலிருந்து சென்ற பார்சிக் குடும்பத்தில், 1946இல் சான்சிபாரில் பிறந்தவர். இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தபோது பியானோ கற்றார், 'ஹெக்டிக்ஸ்' என்ற பள்ளிக்குழுவில் வாசித்தார். 1964இல் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. அவர் பாடகராக இருந்த குயீன் குழுவின் சின்னத்தை வரைந்தவரும் அவர்தான், ஓவியக் கல்லூரி மாணவர்.

குயீனின் 'பொஹீமியன் ராப்சடி' பாடலில் ஒரு பாடகர் கூட்டமே பாடுவது போலக் கேட்கும் பகுதியை மெர்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் ஆகிய மூவர் மட்டுமே மீண்டும் மீண்டும் பாடி அடுக்கினார்கள். அந்தப் பகுதியின் முடிவில் உச்சிக்குப் போகும் சுரம் டிரம்மர் டெய்லருடைய குரல். பெரும்பாலோர் அது மெர்குரி என்றே எண்ணுகிறார்கள்.

பிரையன் மே வாசிக்கும் கிட்டார், அவரும் அவருடைய தந்தையும் 1963இல் வீட்டிலேயே செய்யத் தொடங்கியது. கழுத்துப் பகுதிக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், அதிர்வுக் கைப்பிடிக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். மீட்டுவதற்கு நாணயம். இசைக்காகப் பாதியில் விட்ட வானியற்பியல் முனைவர் பட்டத்தை 2007இல் முடித்தார்.

டேவிட் போவியின் கண்கள் இரண்டு நிறமா?

ஒரே நிறம். சிறுவயதில் ஒரு நண்பருடன் ஏற்பட்ட கைகலப்பில் ஒரு கண்ணின் பாவை நிரந்தரமாக விரிந்துவிட்டது. அதனால் அந்தக் கண் கறுத்துத் தெரியும். அடித்த நண்பர் கடைசிவரை நண்பராகவே இருந்தார், போவியின் ஆல்பங்களுக்கு ஓவியமும் வரைந்தார்.

பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொண்ட பாடல் எது?

'எவ்ரி பிரெத் யூ டேக்' என்ற 1983ஆம் ஆண்டுப் பாட்டை அன்பின் உருக்கம் என்று நினைத்துத் திருமணங்களில் ஒலிக்கவிடுகிறார்கள். பிரிந்துபோன ஒருத்தியின் ஒவ்வோர் அசைவையும் விடாமல் கண்காணிக்கும் ஒருவனின் குரல் அது. எழுதிய ஸ்டிங்கே அதன் இருட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' பாட்டின் கதி இன்னும் மோசம். வியட்நாம் போரிலிருந்து திரும்பி, வேலை கிடைக்காமல் அலையும் ஒருவனின் புலம்பல் அதன் சரணங்களில் இருக்கிறது. பல்லவியை மட்டும் கேட்டவர்கள் அதை தேசப் பெருமிதப் பாட்டாக்கிவிட்டார்கள். 1984 செப்டம்பரில் அதிபர் ரீகன் நியூ ஜெர்சி தேர்தல் பிரசாரத்தில், ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களில் நம்பிக்கைச் செய்தி இருப்பதாகப் பேசினார். ஆனால் கேட்டவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தப் பல்லவியின் முழக்கம் அப்படிப்பட்டது.

பாப் டிலனை நோக்கி ஏன் 'யூதாஸ்' என்று கத்தினார்கள்?

ஒற்றைக் கிட்டாருடன் நாட்டார் மரபில் பாடிய டிலன் 1965 ஜூலையில் நியூபோர்ட் விழாவில் மின் கிட்டாருடன் குழுவாக மேடையேறினார். ஒரு பகுதியினருக்கு அது துரோகமாகப் பட்டது. 1966 மே மாதம் மான்செஸ்டரில் பார்வையாளர் ஒருவர் அந்தச் சொல்லைக் கத்தினார். "உன்னை நான் நம்பவில்லை" என்று பதில் சொன்ன டிலன், சத்தமாக வாசிக்கும்படி குழுவுக்குச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார். திருட்டுப் பதிவுகளில் இந்தக் கச்சேரி லண்டன் ஆல்பர்ட் அரங்கில் நடந்ததாக அச்சிட்டுவிட்டார்கள். 1998இல் முறையாக வெளியிட்டபோதும் அந்தத் தவறான பெயரை மேற்கோள் குறிக்குள் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அவருக்கு 2016இல் இலக்கிய நோபல் கிடைத்தது சரிதான் என்பது என் கருத்து. விழாவுக்கு அவர் போகவில்லை. அங்கே டிலனின் பாட்டைப் பாடிய பாடகி பாட்டி ஸ்மித் நடுவில் வரிகளை மறந்து, பதற்றமாக இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டு, மறுபடி தொடங்கினார். அந்தத் தடுமாற்றமே எனக்கு அந்த விழாவின் மிக உண்மையான கணம்.

அதிகம் கொண்டாடப்பட வேண்டிய, ஆனால் பெயர் தெரியாத கலைஞர் யார்?

ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட்டில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு, அடியில் ஓடும் தாழ்ந்த சுரங்களை எழுப்பும் பேஸ் கிட்டார் வாசித்தவர். 1960களின் மோடவுன் பாட்டு எதையாவது நீங்கள் கேட்டிருந்தால், பெரும்பாலும் அவர் வாசிப்பைத்தான் கேட்டிருக்கிறீர்கள். மீட்டியது வலது கையின் ஒரே விரலால், ஆள்காட்டி விரலால் மட்டும். ஆல்ப அட்டைகளில் பெயர் வராது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' 1971இல் வந்தபோதுதான் அந்த நிறுவனம் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை முதன்முறையாக அச்சிட்டது. அதன் தலைப்புப் பாடலை ஜேமர்சன் தரையில் படுத்தபடியே வாசித்ததாக உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் முதன்முதலில் காதொலிக்கருவியில் அந்தப் பாட்டின் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்ட இரவில், அதுவரை பாட்டின் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன் என்று உணர்ந்தேன்.

1983 மார்ச்சில் மோடவுனின் 25ஆம் ஆண்டுக் கொண்டாட்டம் நடந்தது. மைக்கேல் ஜாக்சன் நிலவு நடையை உலகுக்குக் காட்டிய அதே மாலை. ஜேமர்சன் மேடையில் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். ஐந்து மாதங்களுக்குள் இறந்துபோனார்.

இன்னும் இருவர். கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட், ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பதிவில் டிரம்ஸ் வாசித்தவர். அந்தச் சில நொடிகளை வெட்டியெடுத்து ராப் பாடல்கள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. உரிமைத்தொகை அவருக்குப் போகவில்லை. அவருடைய புற்றுநோய் சிகிச்சைக்கான பெருந்தொகையைப் பாடகர் பிரின்ஸ் யாருக்கும் சொல்லாமல் கட்டினார். பிரின்ஸ் இறந்த பிறகுதான் ஸ்டபிள்ஃபீல்ட் இதை வெளியில் சொன்னார்.

கிரெகரி கோல்மன், வின்ஸ்டன்ஸ் குழுவின் டிரம்மர். 1969இல் 'ஆமென் பிரதர்' பாடலில் அவர் தனியாக வாசித்தது நான்கு தாள வட்டங்கள், ஏறக்குறைய ஆறு நொடி. அதை வைத்து பிரிட்டனில் ஜங்கிள், டிரம் அண்டு பேஸ் என்று இசை வகைகளே உருவாயின. கோல்மன் 2006இல் வறுமையில் இறந்தார்.

ஆட்டோ-டியூன் இசையைக் கெடுத்துவிட்டதா?

பாடும் குரலின் சுருதியைத் தானாகத் திருத்தும் மென்பொருள் இது. கருவியைக் குறை சொல்வதில் பயனில்லை. இதை உருவாக்கிய ஆண்டி ஹில்டெபிராண்ட், எண்ணெய் வளத்தைத் தேட நிலத்துக்குள் அனுப்பும் ஒலி அலைகளை ஆராய்ந்தவர். அந்தக் கணிதம் குரலின் சுருதியைக் கண்டுபிடிக்கவும் உதவியது. 1997இல் விற்பனைக்கு வந்தது. மறுஆண்டு ஷெர் பாடிய 'பிலீவ்' பாட்டில், திருத்தும் வேகத்தை உச்சத்துக்கு முடுக்கிக் குரலை வேண்டுமென்றே உடைத்தார்கள். தயாரிப்பாளர்கள் உத்தியை ரகசியமாக வைத்திருக்க, வேறு கருவி என்று பத்திரிகைக்குச் சொன்னார்கள். ஒளிக்காமல் பயன்படுத்தும்போது அது ஒரு வாத்தியம், எனக்குப் பிடிக்கும். நல்ல குரலின் சிறு நடுக்கத்தையும் வழித்தெடுத்துவிட்டு, எதுவும் செய்யாதது போல வெளியிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

தரவரிசைப் பட்டியல்களை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே பிடித்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை குரல் வேண்டாம், பேஸை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை டிரம்ஸ். மூன்றாம் முறை பின்குரல்கள். பிறகு அவற்றை வாசித்தவர்களும் பாடியவர்களும் யார் என்று தேடி, அவர்களுடைய வேறு பதிவுகளுக்குப் போங்கள். என்னை ஜேமர்சனிடமும் தார்ப்பிடமும் கொண்டுசேர்த்தது இந்த வழிதான்.